அடிக்கடி வருபவரும் வராமலே இருப்பவரும்

சென்ற குளிர்காலத்தில் ஓர் இரவு, எமது சமூகத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருவருக்கு மொழிபெயர்ப்பாளராக வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றிருந்தோம். அவருக்குத் தலைச்சுற்று. வீட்டில் இரண்டு முறை விழுந்திருக்கிறார். மூன்று மாதங்களில் அவர் அங்கு வருவது அது ஆறாவது தடவை. கணினித் திரையில் அவருடைய பெயரைக் கண்ட தாதி ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் தாழ்ந்த குரலில், "மீண்டும் வந்துவிட்டார்" என்றார். அன்றிரவு அங்கே பேசப்பட்ட அனைத்தையும் நாம் தமிழில் சொன்னோம். அந்த ஒரு வசனத்தை மாத்திரம் சொல்லவில்லை. ஆயினும் அந்த அம்மாவுக்கு அது விளங்கிவிட்டது.

"என்ன மாஸ்ரர், திரும்பவும் வந்திட்டா எண்டுதானே சொல்லுகினம்?" என்று கேட்டார். நாம் மறுமொழி கூறவில்லை.

அவர் போன்றோருக்கு மருத்துவ நிர்வாகத்தில் ஒரு தனிப்பெயர் உண்டு. 'அடிக்கடி பயன்படுத்துவோர்' என்றும், 'மிகையாகப் பயன்படுத்துவோர்' என்றும் அவர்களைக் குறிப்பிடுகிறார்கள். அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கென்றே பல நாடுகளில் திட்டங்கள் இயங்குகின்றன. இத்தேடல் மிகப் பெரிய அளவில் நடைபெற்ற நாடு அமெரிக்கா. அங்கே வறியவர்களிடையே, குறிப்பாக வைத்தியசாலைகளுக்குத் தொலைவில் வாழும் கிராமத்து வறியவர்களிடையே, இத்தகையோரை எவ்வாறு இனங்காண்கிறார்கள், அந்த முறையில் யார் அகப்படுகிறார்கள், யார் தவறிப்போகிறார்கள் என்பதை நாமும் அறிந்திருப்பது நல்லது. ஏனெனில், அத்தகைய பட்டியல்களில் எம்மவர் பெயரும் இடம்பெறக்கூடும். இடம்பெற வேண்டிய எம்மவர் பெயர் இடம்பெறாமலும் போகக்கூடும்.

கணக்கில் தெரிந்த உண்மை

அமெரிக்காவில் ஓர் ஆண்டில் மருத்துவத்துக்குச் செலவாகும் பணத்தில் ஏறத்தாழ அரைவாசி, சனத்தொகையில் நூற்றுக்கு 5 பேருக்கே செலவாகிறது. மிகக் குறைவாகச் செலவாகும் அரைவாசி மக்களைக் கூட்டிப் பார்த்தால், அவர்கள் எல்லோருக்குமாகச் செலவாவது 3 வீதம் அளவில்தான். அந்த 5 பேரை முன்கூட்டியே கண்டறிந்து தக்க முறையில் கவனித்தால் நோயாளரும் நலம் பெறுவர், பணமும் மிஞ்சும் என்ற எண்ணம் நிர்வாகிகளுக்கு எழுந்ததில் வியப்பில்லை.

இந்த எண்ணத்தைச் செயலாக்கிப் புகழ்பெற்றவர் ஜெஃப்ரி பிரெனர் என்னும் வைத்தியர். நியூ ஜேர்சி மாநிலத்தின் வறிய நகரமான கம்டனில் அவர் பணியாற்றினார். ஒரே நோயாளி இன்று ஒரு வைத்தியசாலைக்கும் நாளை இன்னொன்றுக்கும் செல்வதால், எந்த வைத்தியசாலைக்கும் அவருடைய முழுக்கதை தெரிவதில்லை. எனவே நகரின் மூன்று வைத்தியசாலைகளின் கட்டணப் பதிவுகளையும் பெற்று ஒன்றாக இணைத்துப் பார்த்தார். நோயாளரில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவினரே நகரின் மருத்துவச் செலவில் 30 வீதத்துக்குக் காரணமாக இருந்தமை தெரியவந்தது. 2011 ஆம் ஆண்டில் அதுல் கவாண்டே என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 'நியூ யோர்க்கர்' சஞ்சிகையில் இதைப் பற்றி எழுதியபின் கம்டன் முறை நாடெங்கும் பேசப்பட்டது. வறியவர்களுக்கான அரச காப்புறுதியான மெடிக்கெய்ட், இத்தகைய நோயாளரை இனங்காண்பது பற்றி 2013 இல் மாநிலங்களுக்கு வழிகாட்டல் அறிக்கை ஒன்றை அனுப்பியது.

பட்டியல் தயாரிக்கும் முறைகள் பல. மிக எளியது எண்ணிப் பார்ப்பது. ஓர் ஆண்டில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு 4 தடவை அல்லது அதற்கு மேல் வந்தவரை 'அடிக்கடி வருபவர்' எனப் பல இடங்களில் கொள்கிறார்கள். வேறு சிலர், வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்ற தடவைகளை எண்ணுகிறார்கள். இன்னும் சிலர், நீரிழிவு, இருதயப் பலவீனம், சிறுநீரக நோய், மனநோய் என ஒருவரிடம் சேர்ந்துள்ள நோய்களின் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். கடந்த ஆண்டுச் செலவை வைத்து வரும் ஆண்டில் யாருக்கு அதிகம் செலவாகும் என்று கணினியைக் கொண்டு கணிப்பதும் உண்டு.

பட்டியல் ஏமாற்றும் இடங்கள்

பள்ளியில் படிப்பித்தவர்கள் ஒரு விடயத்தை அறிவார்கள். ஒரு தவணைப் பரீட்சையில் மிகக் குறைந்த புள்ளி எடுத்த பத்துப் பிள்ளைகளைப் பிரித்தெடுத்துத் தனியாகப் பாடம் சொல்லிக் கொடுத்தால், அடுத்த தவணையில் அவர்களிற் பலர் முன்னேறியிருப்பார்கள். ஆசிரியர் மகிழ்ந்து போவார். ஆனால் ஒன்றும் சொல்லிக் கொடுக்காமல் விட்டிருந்தாலும் அவர்களிற் சிலர் முன்னேறியே இருப்பார்கள். முதற் பரீட்சையன்று ஒருவனுக்குக் காய்ச்சல். இன்னொருத்தி வீட்டில் அன்று மரணச் சடங்கு. காரணம் நீங்கியதும் புள்ளி தானாக ஏறிவிடும்.

நோயாளர் பட்டியலிலும் இதுவே நிகழ்கிறது. டென்வர் நகரின் பொது வைத்தியசாலை அமைப்பில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2015 இல் வெளியானது. அடிக்கடி பயன்படுத்துவோர் என இனங்காணப்பட்டவர்களில் அரைவாசிக்கும் குறைவானவர்களே 7 மாதங்களின் பின் அந்நிலையில் இருந்தார்கள். ஓர் ஆண்டு முடிவில் 28 வீதத்தினரே எஞ்சியிருந்தார்கள். விபத்தில் சிக்கியவர் குணமாகி வீடு திரும்புகிறார். கடும் நோயுற்றவர் இறந்துபோகிறார். அவர்கள் விட்ட இடத்தைப் புதியவர்கள் நிரப்புகிறார்கள். சென்ற ஆண்டின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இந்த ஆண்டின் நோயாளரைத் தேடினால் பாதிப்பேர் அங்கே இரார்.

கம்டன் திட்டமும் இதே சோதனைக்கு உட்பட்டது. 800 நோயாளரைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மாத்திரம் திட்டத்தின் தாதியரும் சமூகப் பணியாளரும் வீடு தேடிச் சென்று உதவினார்கள். முடிவுகள் 2020 இல் வெளிவந்தன. உதவி பெற்றவர்களில் 62.3 வீதத்தினர் 180 நாட்களுக்குள் மீண்டும் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டிருந்தார்கள். உதவி பெறாதவர்களில் 61.7 வீதத்தினர். வேறுபாடு இல்லை. உதவி பெற்ற பகுதியினரை மாத்திரம் பார்த்திருந்தால், அவர்கள் வைத்தியசாலைக்கு வருவது முன்னையிலும் வெகுவாகக் குறைந்துவிட்டது எனத் திட்டத்தைப் பாராட்டியிருப்பார்கள். ஆனால் மற்றப் பகுதியினருக்கும் அவ்வாறே குறைந்திருந்தது.

இதைக் கொண்டு நோயாளருக்கு உதவுவது வீண் என்று முடிவு கட்டிவிடலாகாது. அத்தாதியரும் பணியாளரும் நோயாளியை வைத்தியரிடமும் பிற உதவிகளிடமும் கொண்டுபோய்ச் சேர்க்க முயன்றார்கள். சேர்ப்பதற்கு இருப்பிடமோ, மனநல வைத்தியரோ, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையோ போதிய அளவில் இல்லாவிடின் அவர்களால் என்ன செய்ய முடியும்? யார் என்று கண்டுபிடிப்பது வேறு. ஏன் என்று கண்டுபிடித்து, அந்தக் காரணத்தை நீக்குவது வேறு.

இதனிலும் பெரிய பிழை இன்னொன்று உண்டு. 2019 இல் 'சயன்ஸ்' என்ற விஞ்ஞான ஏட்டில் வெளியான ஆய்வு ஒன்று அதனை வெளிப்படுத்தியது. அமெரிக்க வைத்தியசாலைகள் பரவலாகப் பயன்படுத்திய கணினி முறையொன்று, யாருக்கு மேலதிக கவனிப்புத் தேவை என்பதை அவருக்கு ஆகும் செலவைக் கொண்டு அளந்தது. கறுப்பின மக்களுக்கு, அதே அளவு நோயுற்ற வெள்ளையரிலும் பார்க்கக் குறைவாகவே செலவிடப்பட்டு வந்தது. அவர்கள் நோய் குறைந்தவர்கள் அல்லர். சிகிச்சை குறைவாகக் கிடைத்தவர்கள். கணினியோ, செலவு குறைவு, ஆகவே நோயும் குறைவு என்று கொண்டது. இப்பிழை திருத்தப்பட்டால் மேலதிக கவனிப்புக்குத் தெரிவாகும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 வீதத்திலிருந்து 46.5 வீதமாக உயரும் என்று ஆய்வாளர் கணக்கிட்டனர்.

வகுப்பில் அடிக்கடி எழுந்து வயிற்றுவலி என்று சொல்லும் பிள்ளையை ஆசிரியர் கவனிப்பார். வரவு இடாப்பில் தொடர்ந்து சைபர் விழும் பிள்ளையை யார் கவனிப்பது? வந்தவரை மாத்திரம் எண்ணும் கணக்கு, வர இயலாதவரைச் சுகதேகி என்றே எழுதிவிடுகிறது.

கிராமத்தில் நிலைமை

இந்த இரண்டு வகையினரும் அருகருகே வாழுமிடம் வறிய கிராமம். அமெரிக்காவில் 2010 ஆம் ஆண்டின் பின் 100 இற்கு மேற்பட்ட கிராமப்புற வைத்தியசாலைகள் மூடப்பட்டோ, நோயாளரைத் தங்கவைத்துப் பார்ப்பதை நிறுத்தியோ விட்டன. மணிக்கணக்கில் கூலி பெறும் தொழிலாளி, பகலில் வைத்தியரைக் காணச் சென்றால் அன்றைய சம்பளம் போய்விடும். அவர் வேலை முடிந்து வரும் நேரத்தில் மருந்தகமும் சாதாரண வைத்தியரின் அறையும் பூட்டியிருக்கும். திறந்திருப்பது அவசர சிகிச்சைப் பிரிவு ஒன்றுதான். பணமில்லை என்பதற்காக அங்கே வருபவரைப் பரிசோதியாமல் திருப்பி அனுப்பலாகாது என்று 1986 இல் இயற்றப்பட்ட சட்டம் சொல்கிறது. பல்வலிக்கும் அங்கே வருகிறார்கள், மருந்து முடிந்துபோனமைக்கும் வருகிறார்கள் என்று குறைசொல்வோர், அவர்களுக்கு வேறெந்தக் கதவு திறந்திருந்தது என்று கேட்பதில்லை.

கார் இல்லாதவரின் நிலை மறுபுறமானது. அவர் வருவதே இல்லை. நோய் முற்றியபின் அம்புலன்ஸ் வண்டியில் ஒரே ஒரு தடவை வருவார். எண்ணிக்கையைப் பார்த்தால் அவர் நல்ல நோயாளி. மெடிக்கெய்ட் பெறுவோர் வைத்தியரிடம் சென்றுவர வாகன வசதி செய்து கொடுக்க மாநிலங்கள் கடமைப்பட்டவை. அப்படி ஓர் உரிமை இருப்பதை அறியாதவருக்கு அதனால் என்ன பயன்?

காரணத்தைத் தேடியவர்கள்

பட்டியலோடு நின்றுவிடாமல் காரணத்தைத் தேடிச் சென்றவர்களின் வரலாறு பழையது. அமெரிக்காவின் மிஸிஸிப்பி மாநிலத்தில் மவுண்ட் பையூ என்றோர் ஊர் உண்டு. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1887 இல் தாமே நிறுவிய ஊர் அது. 1960 களில் பருத்தித் தோட்டங்களில் இயந்திரங்கள் வந்துசேரவே, சுற்றுவட்டாரத்துத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலையிழந்து பசியில் வாடினார்கள். ஜாக் கைகர் என்ற வைத்தியர், கவுண்ட் கிப்சன் என்ற மற்றொரு வைத்தியருடன் சேர்ந்து, டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் துணையோடும் அரசின் வறுமை ஒழிப்பு நிதியோடும் 1967 இல் அங்கே ஒரு சுகாதார நிலையத்தைத் திறந்தார்.

அங்கே அடிக்கடி வந்தவர்கள் குழந்தைகள். வயிற்றோட்டத்துக்கு மருந்து கொடுத்து அனுப்பினால், குடிநீர் அதே அசுத்த நீர்தான் என்பதால் மீண்டும் வருவார்கள். உடல் தேறி வீட்டுக்குச் சென்ற குழந்தை, உணவில்லாமல் மெலிந்து திரும்பி வரும். ஆகவே நிலையத்தினர் கிணறு தோண்டினார்கள், மலசலகூடங்கள் அமைத்தார்கள், வீடுகளைத் திருத்தினார்கள். வைத்தியர்கள் மருந்துச் சீட்டில் பாலும் இறைச்சியும் மரக்கறியும் எழுதிக் கொடுத்தார்கள். கடைக்காரர்கள் அந்தச் சீட்டுக்குப் பொருள் கொடுத்து, பணத்தை நிலையத்தின் மருந்துக் கணக்கிலிருந்து பெற்றுக்கொண்டார்கள். மருந்துக்கான பணத்தில் உணவு வாங்குவதா என்று அதிகாரிகள் ஆட்சேபித்தபோது, போசாக்கின்மைக்கு மருத்துவ நூல் கூறும் மருந்து உணவுதானே என்று கைகர் பதிலளித்தார். பின்னர் ஜோன் ஹச் என்ற சமூக அமைப்பாளரின் முயற்சியால் அம்மக்கள் கூட்டுறவுப் பண்ணை ஒன்றை அமைத்துத் தமது உணவைத் தாமே பயிரிட்டார்கள். கைகர் 2020 இல் காலமானார். அவர் தொடக்கி வைத்த வகையைச் சேர்ந்த சமூக சுகாதார நிலையங்களில் இன்று அமெரிக்காவில் 3 கோடிக்கு மேற்பட்டோர் சிகிச்சை பெறுகின்றனர்.

வராதவரைத் தேடிச் சென்றவர் இன்னொருவர். வேல்ஸ் நாட்டின் நிலக்கரிச் சுரங்கக் கிராமமான கிளின்கோரூக்கில், 1961 முதல் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்பவர் வைத்தியராக இருந்தார். அவருடைய பராமரிப்பில் இருந்தவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். தம்மைத் தேடி வருபவரைப் பார்ப்பதோடு நில்லாமல், 1968 இல் அக்கிராமத்தின் வயதுவந்தோர் ஏறக்குறைய அனைவரினதும் இரத்த அழுத்தத்தையும் அளந்தார். உயர் இரத்த அழுத்தம் வலிப்பதில்லை. வலிக்காத நோய்க்கு யாரும் வைத்தியரைத் தேடி வருவதில்லை. எனவே ஊரின் பெயர்ப் பட்டியலை எடுத்து வைத்து, வராதவர் யார் என்று பார்த்து அவர்களைத் தேடினார். கால்நூற்றாண்டு காலப் பணியின் பின், 65 வயதுக்கு முன் நிகழும் மரணங்கள் அங்கே அயற்கிராமத்தைவிட ஏறத்தாழ 28 வீதம் குறைந்திருந்தன. நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவைப்படுகிறதோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்ற கருத்தை 1971 இல் 'லான்செற்' மருத்துவ ஏட்டில் எழுதி, அதற்கு 'தலைகீழ்ப் பராமரிப்பு விதி' என்ற பொருளில் பெயர் சூட்டியவரும் அவரே.

இந்த முறை எமக்குப் புதியதன்று. இலங்கையில் 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட காலந்தொட்டு, மருத்துவமாது வீடு வீடாகச் செல்லும் வழக்கம் வளர்ந்து வந்தது. எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் கைக்குழந்தை, யாருக்கு ஊசி போடவில்லை என்பதெல்லாம் அவருடைய பதிவேட்டில் இருக்கும். வைத்தியசாலைக்கு யார் வந்தார் என்று அவர் கணக்கெடுக்கவில்லை. தமது பகுதியில் யார் யார் இருக்கிறார் என்று கணக்கெடுத்தார். வராதவர் அதில் தாமாகவே தெரிந்துவிடுவார்.

அந்தத் தாயாரின் கதை

தொடக்கத்தில் கூறிய தாயாரிடம் திரும்புவோம். அன்றிரவும் இரத்தம் எடுத்தார்கள், இருதயத் துடிப்பைப் பதிந்தார்கள், பிழையில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்ப ஆயத்தமானார்கள். அவ்வேளையில் கடமைக்கு வந்த இளம் வைத்தியர் ஒருவர், கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, "வீட்டில் நீங்கள் எடுக்கும் மருந்துகள் அனைத்தையும் நான் பார்க்க முடியுமா?" என்று கேட்டார். பேரன் ஓடிச் சென்று ஒரு பை நிறைய மருந்துப் போத்தல்களைக் கொண்டுவந்தான். இரத்த அழுத்தத்துக்கான ஒரே மருந்து, இரண்டு வேறு பெயர்களில், இரண்டு வைத்தியர்கள் எழுதிக் கொடுத்து, இரண்டு போத்தல்களில் இருந்தது. இரண்டையும் அவர் மூன்று மாதமாக ஒழுங்காக விழுங்கி வந்திருக்கிறார். தலைச்சுற்றுக்கு அதுவே காரணம்.

முதல் ஐந்து தடவையும் அவருக்காகப் பேசியவன் அந்தப் பேரன். வயது 12. 'தலை சுத்துது' என்பதை அவன் மொழிபெயர்த்தான். என்ன மருந்து என்று கேட்டபோது 'பிரஷர் குளிசை' என்று சொன்னான். அவன் சொன்னது பொய்யன்று. அதற்கு மேல் சொல்ல வேண்டிய பொறுப்பு ஒரு சிறுவனுடையதும் அன்று. ஒரு போத்தல் நிறுத்தப்பட்டபின் அந்த அம்மா இதுவரை ஒருமுறைகூட அங்கே செல்லவில்லை.

மேலே சொன்ன ஆய்வுகளெல்லாம் சொல்வதை அந்த மருந்துப் பையும் எமக்குச் சொல்கிறது. ஆறு தடவை வந்தார் என்பதைக் கணினி சரியாகவே எண்ணியது. ஏன் வந்தார் என்பதை ஒரு மனிதர் அமர்ந்து கேட்க வேண்டியிருந்தது.

எம் குடும்பங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. மருந்துகள் அனைத்தையும் ஒரே பையில் வைத்து, எந்த வைத்தியரிடம் சென்றாலும் எடுத்துச் செல்லுங்கள். இயன்றவரை ஒரே வைத்தியரிடம் தொடர்ந்து காட்டுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளர் ஆக்காமல், வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளர் உண்டா என்று முதலிற் கேளுங்கள். வாகனம் இல்லை, வேலையில் லீவு இல்லை, மருந்து வாங்கப் பணம் போதவில்லை என்பவற்றை வெட்கத்தால் மறைக்காதீர்கள். நோயைப் போலவே அவையும் வைத்தியர் அறிய வேண்டியவை.

அடுத்தது வராதவரைப் பற்றியது. நகரத்தை விட்டுத் தொலைவில், பண்ணையிலோ மீன் பதனிடும் தொழிற்சாலையிலோ வேலைசெய்து, தமிழ்க் குடும்பங்கள் இரண்டு மூன்றே உள்ள சிற்றூர்களில் வாழும் எம்மவர் பலர் இருக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கு வந்துகொண்டிருந்த ஒருவர் இரண்டு வருடமாக வரவில்லையென்றால், சங்கத்தில் அதைப் பற்றி ஒரு பேச்சு நடக்கும், பிறகு மறந்துபோகும். இனி அவ்வாறு மறந்துவிடாமல் ஒரு தொலைபேசி அழைப்பை எடுப்போம். நாம் இவ்வாரம் மூன்று பேரின் பெயரை எழுதி வைத்திருக்கிறோம். அவர்களில் ஒருவர், நாம் அழைத்தபோது, கால் வீங்கி நான்கு மாதம் என்றும், வைத்தியரிடம் இன்னும் போகவில்லை என்றும் சொன்னார். வரும் சனிக்கிழமை அவரை அழைத்துச் செல்ல ஒரு நண்பர் தமது காரைத் தருவதாக உறுதியளித்திருக்கிறார்.